சோழவந்தான் வீட்டார் குழு

செந்தில்: ஒரு துக்கச் செய்தி. பக்கத்து வீட்டு டாரதி பாட்டி நேற்று இரவு தவறிவிட்டார். 91 வயது. சனிக்கிழமை காலை 10 மணிக்கு சர்ச்சில் அஞ்சலி.

அமுதா: ஐயோ. நம் நிலாவைப் பார்த்துக்கொண்ட பாட்டியா?

ராஜி: அவரேதான். நிலா இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள்.

சரோஜா பெரியம்மா: 🙏🙏 படுக்கையில் கிடக்காமல் போய்ச் சேர்ந்தாள், புண்ணியவதி. நான் அமெரிக்காவில் உங்கள் ஊர் விச்சிட்டாவுக்கு வந்தபோது ஆப்பிள் பை கொடுத்தாளே. முட்டை போட்டதா என்று கேட்டதற்கு முகம் சுண்டிப்போயிற்று.

விக்கி: 🙏

செந்தில்: என்னை இரண்டு நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவர் அப்பாவைப் பற்றிச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அநாதை ரயிலில் வந்தவர்.

அமுதா: என்ன ரயில்?

ராஜி: அமுதா, ஏன் கேட்டாய் 🤦

செந்தில்: 1850களில் நியூயார்க் தெருவில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கப்பலில் வந்திறங்கிய குடும்பங்கள். அப்பன் வேலை செய்த இடத்தில் செத்திருப்பான், அம்மாவைக் காய்ச்சல் கொண்டுபோயிருக்கும். சார்லஸ் லோரிங் பிரேஸ் என்ற இளம் பாதிரியார் 1853இல் சில்ட்ரன்ஸ் எய்ட் சொசைட்டியைத் தொடங்கினார். வரிசையாகக் கட்டில் போட்டு இல்லத்தில் வளர்த்தால் பிள்ளை உருப்படாது, பண்ணை வீட்டில் வளரட்டும் என்பது அவர் கட்சி. அடுத்த வருடமே முதல் கூட்டம் மிச்சிகனில் டோவாஜியாக் என்ற ஊரில் ரயிலில் போய் இறங்கியது. 1929 வரை ஏறக்குறைய 2 லட்சம் பிள்ளைகள் இப்படிப் போனார்கள்.

விக்கி: 2 லட்சமா??

சரோஜா பெரியம்மா: யார் என்ன என்று தெரியாமல் எப்படி வீட்டுக்குள் சேர்த்தார்கள்?

அமுதா: பெரியம்மா ஆரம்பிக்காதீர்கள்

செந்தில்: அங்கேயும் அந்தச் சண்டை உண்டு. கத்தோலிக்கப் பிள்ளைகளைப் புராட்டஸ்டன்ட் வீடுகளில் விடுகிறார் என்று பிரேஸ் மேல் கோபம். கன்னியாஸ்திரிகள் நடத்திய நியூயார்க் ஃபவுண்ட்லிங் என்ற குழந்தைகள் இல்லம் தனியாகவே ரயிலில் அனுப்பியது. எந்தப் பிள்ளை எந்த வீட்டுக்கு என்று முன்பே முடிவு செய்து, சட்டையில் எண் தைத்து அனுப்புவார்கள்.

அமுதா: கறுப்பினப் பிள்ளைகள்?

செந்தில்: ரயிலில் அநேகமாக இல்லை. அவர்களுக்கு நியூயார்க்கில் ஒரு இல்லம் இருந்தது. 1863 கலவரத்தில் கும்பல் அதைக் கொளுத்தியது. இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். தப்பித்துவிட்டார்கள்.

விக்கி: மாமா, அந்தக் காலத்தில் ஒரு சிறுமியை மிருக வதைச் சட்டத்தில்தான் காப்பாற்றினார்கள் என்று ஒரு ஃபார்வர்டு வந்ததே?

செந்தில்: மேரி எல்லன், 1874. உதவிக்கு வந்த ஹென்றி பெர்க் மிருக வதைத் தடுப்புச் சங்கத்தை ஆரம்பித்தவர், அதனால் வந்த கதை. அவருடைய வக்கீல் போட்டது நம் ஆட்கொணர்வு மனு மாதிரி ஒன்று. குழந்தைகளுக்கென்று தனிச் சங்கம் அதற்கப்புறம்தான் வந்தது.

ராஜி: இதெல்லாம் இரண்டு நிமிடத்திலா? சமையலறையிலிருந்து கேட்கிறேன்.

செந்தில்: இல்லை, மேடையைப் பற்றி மட்டும். ஊர் நாடகக் கொட்டகை மேடையில் பிள்ளைகளை நிறுத்துவார்கள். விவசாயிகள் கையை அழுத்திப் பார்ப்பார்கள், பல்லைப் பார்ப்பார்கள். டாரதியின் அப்பாவுக்கு அப்போது 6 வயது. அக்காவை முந்தின ஊரிலேயே யாரோ கூட்டிப்போய்விட்டார்கள். அம்மா நியூயார்க்கில் துணி வெளுத்துக்கொண்டு உயிரோடுதான் இருந்தாராம். ரயிலில் போன நிறையப் பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ இருந்தார்கள். அநாதை என்பது பெயருக்குத்தான்.

பாலு மாமா: எனக்கு மேடை இல்லை. சைக்கிள் கேரியர்.

அமுதா: மாமா...

சரோஜா பெரியம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சரோஜா பெரியம்மா: வாடிப்பட்டி அத்தைக்குப் பிள்ளை இல்லை பாலு. அந்த வருடம் அப்பாவுக்கு வெள்ளாமையும் இல்லை. கூப்பிடு தூரம்தானே.

பாலு மாமா: கூப்பிடு தூரம்தான் அக்கா.

சரோஜா பெரியம்மா: அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. உனக்கு யாரும் சொல்லவில்லையா?

பாலு மாமா: இல்லை.

விக்கி: என்ன ஆச்சு?

அமுதா: விக்கி, போய்ப் படி.

செந்தில்: 1909இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் ஒரு மாநாடு கூட்டினார். வறுமை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கக் கூடாது என்று அங்கேதான் சொன்னார்கள். 1911இல் இல்லினாய் மாநிலம் தாய்மார்களுக்கு உதவித்தொகைச் சட்டம் கொண்டுவந்தது. 1935இல் அது நாடு முழுமைக்கும்

ராஜி: மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

செந்தில்: மாமா, மன்னியுங்கள். டைப் அடித்துக்கொண்டிருந்ததில் பார்க்கவில்லை.

பாலு மாமா: பரவாயில்லை. அந்தப் பணம் எல்லாத் தாய்க்கும் கிடைத்ததா?

செந்தில்: இல்லை. பெரும்பாலும் விதவைகளுக்கு. அதிலும் நடத்தை சரியில்லை என்று அதிகாரி நினைத்தால் கிடையாது.

சரோஜா பெரியம்மா: அது எந்த ஊரிலும் அப்படித்தான்.

ராஜி: சனிக்கிழமைக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். 40 பேர். என்ன செய்ய?

சரோஜா பெரியம்மா: எலுமிச்சை சாதம்

அமுதா: தயிர்சாதம்தான் பாதுகாப்பு அண்ணி. மிளகாய் கிள்ளிப் போடாதீர்கள்.

சரோஜா பெரியம்மா: துக்க வீட்டுக்கு ஆறிப்போன தயிர்சாதமா?

விக்கி: பீட்சா

பாலு மாமா: நானும் வருகிறேன். டல்லாஸிலிருந்து ஆறு மணி நேரம். அந்த ரயிலுக்கு மியூசியம் இருப்பதாகச் சொன்னாயே, உங்கள் ஊரிலா?

செந்தில்: கன்கார்டியாவில் மாமா, எங்களுக்கு வடக்கே. பழைய ஸ்டேஷன் கட்டடத்தில். காரில் இரண்டரை மணி நேரம் பிடிக்கும்.

பாலு மாமா: ஞாயிறு திறந்திருக்குமா?

செந்தில்: பார்த்துச் சொல்கிறேன்.

சரோஜா பெரியம்மா: 🎤 குரல் பதிவு 1:52

ராஜி: கடைசியில் எலுமிச்சையா தயிரா?

சரோஜா பெரியம்மா: பாலு, அதைக் கேட்டாயா?

பாலு மாமா: காரில் கேட்கிறேன் அக்கா.