லாட்ரன்குலின் பி போட்ட செல்கள் காலையில் பழையபடி விரிந்துவிட்டன. மருந்து கெட்டுவிட்டதா?

வைகைக்கரை:
ஆராய்ச்சிக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. எலியின் 3டி3 செல்களில், செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் என்ற புரத இழைகளைக் கலைத்துவிட்டு, அவை மறுபடி எப்படி எழுகின்றன என்று பார்க்க வேண்டும். அவற்றைக் கலைக்கும் மருந்தான லாட்ரன்குலின் பி 100 மைக்ரோகிராம் வந்தது. மூலக்கூறு எடை 395.5 என்பதால் 253 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து 1 மில்லிமோலார் ஆக்கிக்கொண்டேன். செல்களுக்குக் கொடுத்தது 1 மைக்ரோமோலார். செல்களை வளர்க்கும் ஊடகத்தில் வழக்கமான 10 சதவீத சீரம் (இரத்தத்திலிருந்து எடுக்கும் நீர்) இருந்தது.

அரை மணி நேரத்தில் வேலை செய்தது. தட்டில் அகலமாக ஒட்டிக் கிடந்த செல்கள் நடுவில் திரண்டு, சுற்றிலும் மரக்கிளை போல மெல்லிய கால்களை மட்டும் விட்டிருந்தன. இரவு அப்படியே இன்குபேட்டரில் வைத்துவிட்டுப் போனேன். காலை 9 மணிக்குப் பார்த்தால், டிஎம்எஸ்ஓ மட்டும் ஊற்றிய தட்டுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆக்டின் இழைகளில் ஒட்டும் ஃபேலாய்டின் சாயத்தில் தடித்த இழைகள் பளிச்சென்று தெரிகின்றன. விலை அதிகமான மருந்து, கைடிடம் சொல்லவே பயமாக இருக்கிறது. நான் எங்கே தவறினேன்?

செல்லம்மா:
தவறு எதுவும் இல்லை தங்கச்சி, பயப்படாமல் போய்ச் சொல். லாட்ரன்குலின் பி-யைச் சீரம் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்க வைக்கும். இரவு முழுக்கச் சீரத்தோடு விட்டாய் அல்லவா, அதற்குள் மருந்து தீர்ந்து செல் எழுந்து உட்கார்ந்துவிட்டது. நீண்ட நேரம் பிடித்து வைக்க வேண்டுமென்றால் லாட்ரன்குலின் ஏ வகைதான் சரி. ஒரு மணி, இரண்டு மணி நேர வேலைக்கு பி போதும். அந்த நேரத்துக்கு மட்டும் சீரம் இல்லாத ஊடகத்தில் வைத்துப் பார்.

இந்த மருந்து எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் அதிகமாக எழுதுகிறேன். இது செங்கடலில் வளரும் ஒரு சிவப்புக் கடற்பஞ்சிலிருந்து வந்தது. விரல் விரலாகக் கிளைத்து நிற்கும். ஓட முடியாது, ஓடு எதுவும் கிடையாது, ஆனாலும் மீன்கள் அதைக் கடிப்பதில்லை. கையால் பிழிந்தால் சிவந்த சாறு கசியும், பக்கத்தில் இருக்கும் மீன்கள் விலகி ஓடும். மீன் தொட்டிக்குள் பிழிந்தால் சில நிமிடங்களில் மீன்கள் செத்துவிடும். டெல் அவீவில் யோயல் காஷ்மன் குழு அந்த நஞ்சைப் பிரித்தெடுத்து 1980இல் அமைப்பை வெளியிட்டது. 1983இல் இலான் ஸ்பெக்டரும் காஷ்மன் குழுவும் சேர்ந்து, அது செல்லின் ஆக்டின் இழைகளைக் கலைக்கிறது, செல்லைத் தாங்கும் இன்னொரு வகை இழையான நுண்குழாய்களைத் தொடுவதில்லை என்று 'சயின்ஸ்' இதழில் காட்டினார்கள். அதுவரை பூஞ்சையிலிருந்து வந்த சைட்டோகலாசின்தான் எல்லோருக்கும் கைமருந்து. அது இழையின் முனையில் போய் உட்காரும். லாட்ரன்குலினோ இழையில் சேராத தனி ஆக்டின் மூலக்கூறையே ஒன்றுக்கு ஒன்றாகப் பிடிக்கிறது.

பூச்சரம் கட்டுவதை நினைத்துக்கொள்; தனி ஆக்டின்தான் பூ, இழைதான் சரம். ஒரு முனையில் பூ சேர்கிறது, மறு முனையில் உதிர்கிறது. லாட்ரன்குலின் உதிரிப் பூக்களைக் கையில் பிடித்து வைத்துக்கொள்கிறது. உதிர்வது நிற்காது, சேர்வது நின்றுவிடும். சரம் தானே கரைந்துபோகும்.

அப்புறம், கையுறை இல்லாமல் அந்த ட்யூபைத் தொடாதே. டிஎம்எஸ்ஓ தோலுக்குள் இறங்கும், தன்னோடு மருந்தையும் இழுத்துக்கொண்டு போகும். மீதியைச் சிறு சிறு பங்காகப் பிரித்து உறைய வை. ஒரே ட்யூபைத் திரும்பத் திரும்ப உருக்காதே.

நெய்தல்நிலம்:
அக்கா சொன்ன பூச்சர உவமையில் ஒரு திருத்தம். 2018இல் டாமஸ் போலார்ட் ஆய்வகத்திலிருந்து வந்த கட்டுரையின்படி, லாட்ரன்குலின் ஏ உதிரிப் பூக்களைப் பிடிப்பதோடு நிற்பதில்லை, கட்டிய சரத்தின் முனைகளிலிருந்து பூக்கள் உதிர்வதையும் வேகப்படுத்துகிறது. "இழை கலையும் வேகம்" என்று தோழி எதையாவது அளக்கப் போகிறார் என்றால், அதைச் செல்லின் சொந்த வேகம் என்று எழுதிவிடக் கூடாது.

செல்லம்மா:
ஆமாம், நன்றி. அதை நான் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். தங்கச்சி அளக்கப்போவது இழை திரும்பி வருவதை. அங்கேயும் மருந்தை நன்றாகக் கழுவ வேண்டும், மூன்று முறையாவது.

வைகைக்கரை:
அக்கா, நேற்று இரண்டு தட்டு வைத்தேன். இரண்டிலும் அதே 1 மைக்ரோமோலார், ஒன்றில் சீரம் உண்டு, ஒன்றில் இல்லை. நான்காவது மணி நேரத்தில் சீரம் இருந்த தட்டில் பாதிச் செல்கள் விரியத் தொடங்கிவிட்டன. மற்றதில் இன்னும் கிளை கிளையாகவே நின்றன. கைடிடம் இரண்டு படத்தையும் காட்டிவிட்டேன், ஏ வகையும் வாங்கச் சொல்லியிருக்கிறார். இன்று சீரம் இல்லாமல் மருந்து கொடுத்த தட்டுகளை மூன்று முறை கழுவிவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தட்டாக நிறுத்திச் சாயம் போட்டேன். இருபதாவது நிமிடத் தட்டில், ஒரு செல்லின் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரே ஒரு கோடு தெரிகிறது.