பழைய கம்பெனியின் பி.எஃப்.: மூன்று ஆண்டில் வட்டி நின்றுவிடும் என்று யார் சொன்னது?

தறிக்காரன்
பக்கத்து விவாதத் திரியில் கணக்குப்பிள்ளை ஐயா ஒரு பையனிடம், "வேலையை விட்டு மூன்று ஆண்டு ஆனால் பழைய கம்பெனியின் பி.எஃப். பணத்துக்கு வட்டி கிடையாது, உடனே எடுத்துவிடு" என்று எழுதியிருக்கிறார். பையனும் நம்பி, முழுப் பணத்தையும் எடுக்கும் படிவம் 19 போட்டுவிட்டு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பழைய கம்பெனியில் நான்கு ஆண்டு சேவைதான். ஐந்து ஆண்டு நிறையாமல் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால், பான் இருந்தாலும் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். புதிய கம்பெனிக் கணக்குக்கு மாற்றியிருந்தால் பழைய சேவையும் சேர்ந்திருக்கும். நீங்கள் சொல்லும் மூன்று ஆண்டு வட்டி விதி 2016 நவம்பரிலேயே மாறிவிட்டது ஐயா. இன்னும் எத்தனை நாள் பழைய பஞ்சாங்கத்தையே படிப்பீர்கள்?

கணக்குப்பிள்ளை
இருபத்தெட்டு ஆண்டு ஆலையின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து மாதாமாதம் பி.எஃப். சலான் கட்டியவனுக்குப் பாடம் எடுக்க ஆள் வந்துவிட்டது. 36 மாதம். 2011 ஏப்ரல் 1 முதல் செயலற்ற கணக்குக்கு வட்டி இல்லை. நான் முதல் ஆலையை விட்டது 2006இல். அந்தக் கணக்குச் சீட்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. வட்டி என்ற கட்டத்தில் வட்டமாக ஒரு பூஜ்யம். பூஜ்யம் பொய் சொல்லுமா?

தறிக்காரன்
சொல்லாது. அன்றைக்கு அதுதான் விதி. 2016இல் திருத்தினார்கள். 55 வயதுக்குப் பிறகு ஓய்வு பெற்றவர், வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறியவர், இறந்தவர், இவர்களின் கணக்கில்தான் 36 மாதம் யாரும் கேட்காவிட்டால் அது செயலற்றதாகும். முப்பது வயதில் வேலை மாறிய பையனுக்கு 58 வரை வட்டி ஓடும். 2024-25க்கு 8.25 சதவீதம். எந்த வங்கி தருகிறது?

கணக்குப்பிள்ளை
பார்த்தீர்களா, 36 மாதம் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது! இதைத்தானே நானும் சொன்னேன்.

மலர்விழி
இருவரும் 36 மாதம் என்றுதான் சொல்கிறீர்கள். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் தகராறு. "செயலற்ற கணக்கு" என்றால் என்ன என்று முதலில் பேசிக்கொள்ளலாமே?

கணக்குப்பிள்ளை
அம்மா, எண்ணத் தெரியாமலா இருபத்தெட்டு ஆண்டு கணக்கு எழுதினேன்? வேலையை விட்ட நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். வேறு எங்கிருந்து எண்ணுவது, பிறந்த நாளிலிருந்தா?

வைகைக்கரை
வட்டி கிடக்கட்டும், அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள், அப்புறம் தெரியும். என் பழைய கம்பெனியில் முதலெழுத்தை விரித்து எழுதுகிறேன் என்று என் அப்பா பெயரையே என் பெயராகப் பதிந்துவிட்டார்கள். ஆதாரில் நான் ஒருவன், பி.எஃப். கணக்கில் என் அப்பா. விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. பெயரைத் திருத்த, நானும் முதலாளியும் சேர்ந்து தரும் கூட்டு உறுதிமொழியில் அவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நேரில் போனால் கம்பெனி வாசலில் பூட்டு. உள்ளே காயப்போட்ட வேட்டி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. காவலாளி, "கையெழுத்துதானே, நான் போடட்டுமா?" என்றார்.

தறிக்காரன்
அண்ணா, வேலையை விட்ட தேதியாவது பதிவாகியிருக்கிறதா? அதற்கு முதலாளியை நம்பியிருக்க வேண்டியதில்லை. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனால் நாமே பதிந்துகொள்ள 2020 ஜனவரியில் வழி செய்துவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை
கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் வேண்டுமென்றே பெயரைத் தப்பாக எழுதுவதுபோல் ஒரு பேச்சு! சேரும்போது படிவத்தில் கோழி கிளறியதுபோல் எழுதிக்கொடுத்தது யார்? முந்நூறு பேர் படிவத்தை இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து பார்த்தவன் நான். ஒருவரும் ஒரு டீ வாங்கித் தந்ததில்லை.

வைகைக்கரை
என் பெயரை நான் எழுதிக்கொடுத்த லட்சணம் உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கம்பெனியில் இருந்தவர் நீங்கள்தானா?

மலர்விழி
இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதலாளி தரும் 12 சதவீதத்தில் 8.33 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது; 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மாதம் 1,250 ரூபாய். நம் கணக்கில் அந்தப் பகுதிக்கு வட்டி சேர்வதே இல்லை. பத்து ஆண்டு நிறையாதவர்கள் அதைப் படிவம் 10சி மூலம் வாங்க வேண்டும். பாஸ்புக்கில் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுப் பலர் குழம்புகிறார்கள்.

கணக்குப்பிள்ளை
வட்டி சேர்வதே இல்லை என்று அம்மையாரே எழுதிவிட்டார். தறிக்காரன் கண்ணில் பட்டதா?

மலர்விழி
ஐயா, நான் சொன்னது ஓய்வூதியப் பகுதியை.

கணக்குப்பிள்ளை
வட்டி இல்லை என்றால் இல்லை. அதில் என்ன பகுதி, விகுதி.

தறிக்காரன்
இவரிடம் பேசுவதற்குப் பதில் என் தறியிடம் பேசலாம். அதுவாவது நூல் அறுந்தால் நின்றுவிடும்.

கணக்குப்பிள்ளை
இவர் யார் என்று எல்லோருக்கும் தெரியட்டும். போன ஆண்டு பணிக்கொடை (கிராஜுவிட்டி) திரியில் ஐந்து ஆண்டு முழுதாக வேண்டாம், நான்கு ஆண்டும் 240 நாளும் போதும் என்று என்னோடு மல்லுக்கு நின்றவர் இவர்தான். சட்டத்தில் ஐந்து என்றுதான் இருக்கிறது. ஐந்து!

தறிக்காரன்
சென்னை உயர் நீதிமன்றம் அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்று அன்றே எழுதினேன். அதற்கு நீங்கள் தந்த பதில், "நீதிபதி சலான் கட்டியிருக்கிறாரா?"

கணக்குப்பிள்ளை
கட்டியிருக்கிறாரா?

வைகைக்கரை
எனக்கு வேறு பயம். ஏழு ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்தால் பணம் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விடுமாமே?

தறிக்காரன்
செயலற்றதாகி ஏழு ஆண்டு. அங்கே போன பிறகும் 25 ஆண்டு வரை உரியவர் கேட்டு வாங்கலாம். உங்கள் கணக்கு இன்னும் செயலற்றதே ஆகவில்லை.

கணக்குப்பிள்ளை
ஆகிவிட்டது. 36 மாதம்.

புதியவன்
ஐயா, அண்ணா, அந்தப் பையன் நான்தான். படிவம் 19 போட்டு இரண்டு நாள்தான் ஆகிறது. அதை நிறுத்த ஏதாவது வழி இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை
தம்பி, நீ கொஞ்சம் பொறு. முதலில் இவர் அந்த 240 நாளுக்குப் பதில் சொல்லட்டும்.