சின்ன மைக்ரோபயாலஜி லேபில் (கிருமி சோதனைக் கூடத்தில்) எந்த மெஷின் உண்மையாகவே கைகொடுத்தது? மூன்று லேப்களின் அனுபவம்.

சாம்பிளை ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கம் வளர்ந்த கல்ச்சரின் போட்டோ திரையில் வந்து நிற்கும் பெரிய ஆட்டோமேட்டிக் லைன் எல்லாம், ஒரு ஆட்டோகிளேவும் ஓர் இன்குபேட்டருமாக ஓடுகிற எங்கள் மாதிரி லேபுக்கு ஆகாது. எங்களுக்கு உதவியது மேஜை மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிஸ்டால்டிக் பம்ப்தான், அதாவது உருளையால் ட்யூபை நசுக்கித் திரவத்தைத் தள்ளும் பம்ப்.

முன்பு கிருமி வளர்க்கும் அகார் மீடியாவை பிளாஸ்கிலிருந்து பிளேட்டில் கண்ணளவில்தான் ஊற்றுவோம். மெக்காங்கி மீடியா ஊற்றிய பிளேட் கொஞ்சம் தடிமனாகிப் போனால் நஷ்டம் மீடியாதான். ஆனால் எந்த மருந்துக்குக் கிருமி மசியும் என்று பார்க்கும் சென்சிடிவிட்டி டெஸ்டுக்கான முல்லர் ஹின்டன் மீடியா அப்படியில்லை, அது 4 மி.மீ. கனம் இருந்தாக வேண்டும். மெலிந்தால் மருந்து டிஸ்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் (ஸோன்) பெரிதாகி, மருந்துக்கு மசியாத கிருமிகூட மசிந்த மாதிரி தெரியும், டாக்டரும் அதை நம்பி எழுதிவிடுவார். 90 மி.மீ. பிளேட்டுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 25 மி.லி. வருகிறது. இப்போது காலால் சுவிட்சை மிதித்தால் அந்த அளவு அப்படியே விழும். டெஸ்ட் சரியாக வருகிறதா என்று பார்க்கக் கண்ட்ரோலுக்கு வைக்கும் ஈ.கோலை ஏடிசிசி 25922 என்ற கிருமிக்கு ஜென்டாமைசின் மருந்தின் ஸோன் 19 முதல் 26 மி.மீ.க்குள் வர வேண்டும். முன்பு ஒரு நாள் இந்த ஓரம், ஒரு நாள் அந்த ஓரம் என்று ஆடும், இப்போது நடுவிலேயே நிற்கிறது.

தொல்லையும் உண்டு, விற்க வருபவர் அதைச் சொல்ல மாட்டார். 50 டிகிரி வாக்கில் ஊற்றுகிறோம், நடுவில் போன் வந்து எழுந்து போனால் ட்யூபுக்குள்ளேயே அகார் உறைந்துவிடும். அதனால் ஊற்றி முடித்ததும் சூடான டிஸ்டில்டு வாட்டரை ஓட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. உருளை நசுக்கி நசுக்கி சிலிகான் ட்யூப் தளர்ந்து அளவும் குறையும், ஆகவே ஒவ்வொரு பேட்சுக்கும் முதலில் ஒருமுறை சிலிண்டரில் பிடித்துப் பாருங்கள்.

*

நாங்கள் உணவு லேப், பாக்கெட் இட்லி மாவு நிறைய வரும். சரியாக 25 கிராம் நிறுத்த ஸ்பூனால் போட்டு எடுத்துப் போட்டு எடுத்து நேரம் போகும் பாருங்கள், அதற்காகவே டைல்யூட்டர் (சாம்பிளை நீர்க்க வைக்கும் மெஷின்) வாங்கினோம். 24 விழுந்தாலும் 27 விழுந்தாலும் அதன் ஒன்பது மடங்கு நீர்மத்தை அதுவே எடை பார்த்து விட்டுக்கொள்கிறது. கூடவே வாங்கிய, பிளேட்டில் வளர்ந்த கிருமிப் புள்ளிகளை (காலனி) எண்ணும் கேமரா காலனி கவுண்டர் சுமார்தான். காற்றுக் குமிழியையும் காலனி என்று எண்ணும், பேசில்லஸ் கிருமி படர்ந்த பிளேட்டில் திணறும். 25 முதல் 250 காலனி வரை தெளிவாகத் தனித்தனியாக வளர்ந்திருந்தால் மட்டும் அதில் வைக்கிறோம், மற்றது பழையபடி மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்து எண்ணுவதுதான்.

*

கல்லூரி லேபிலிருந்து எழுதுகிறேன். எம்ஐசி (கிருமி வளர்வதைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவு) பார்க்க 96 குழி பிளேட்டில் மருந்தைப் பாதி பாதியாக நீர்க்க வைக்கும் வேலையைச் சின்ன பைபெட்டிங் ரோபோவிடம் கொடுத்துவிட்டோம். கட்டை விரல் வலி போச்சு. பைபெட் முனையில் மாட்டும் டிப் செலவுதான் கூடிவிட்டது, ஏனென்றால் கையில் சிக்கனம் பார்க்கிற மாதிரி அதனிடம் பார்க்க முடியவில்லை. அப்புறம் வாங்குவதற்கு முன்னால் யுபிஎஸ் போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால் எந்தக் குழி வரை முடித்தது என்று எங்கள் மெஷின் சொல்லாது, அந்த பிளேட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.