மொடல் ரேஸ் கார்: எங்கட ஊர்க் காற்றில் பெயின்ட் அடிக்கச் சொல்லித் தந்தவர்கள்

உவர்மலையிலிருந்து

கிட் என்றால் பாகம் பாகமாக வரும் மொடல் காரை நாங்களே ஒட்டிச் செய்வது. அந்தப் பெட்டிக்குள் வரும் விளக்கத் தாளில் எல்லாம் இருக்கும். எந்தப் பாகத்துக்கு எந்த நிறம், எந்த டெக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) எங்கே ஒட்டுவது, எல்லாவற்றுக்கும் படம் உண்டு. ஐப்பசி மாதம் திருகோணமலையில் பெயின்ட் அடிக்கலாமா என்பது மட்டும் இருக்காது. அதை எனக்குச் சொன்னவர் அநுராதபுரச் சந்திப் பக்கம் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு அண்ணை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி யாராவது வாய்த்திருந்தால் எழுதுங்கள்.

கனடாவிலிருந்து வந்த மச்சான் தமியா என்ற ஜப்பான் கம்பனியின் கிட் ஒன்று கொண்டுவந்து தந்தார். 1/24 அளவு. 4.5 மீற்றர் நீளமான நிஜக் கார் இந்த அளவில் 19 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். கார் வந்துவிட்டது, பெயின்ட் வரவில்லை. ஸ்பிறே டின் எரியக்கூடிய வாயு அடைத்த சாமான் என்பதால் விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள். இங்கே கிடைப்பதை வைத்துத்தான் தொடங்க வேண்டும். பெயின்ட் கடையில் லீற்றர் கணக்கில் தருகிறார்கள். எனக்கோ ஒரு சின்னப் போத்தல் போதும். மிச்சச் சிவப்பு இருந்தால் கொஞ்சம் வாங்கலாம் என்றுதான் அந்த அண்ணையிடம் போனேன்.

அவர் பெயின்டைப் பற்றிப் பேசவே இல்லை. காரின் மேற்கூட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டத்திலிருந்து ஒரு துண்டை உடைத்து, அதில் தன்னுடைய தின்னரை ஒரு சொட்டு விட்டார். பார்த்துக்கொண்டிருக்கவே அந்த இடம் இளகிப் பிசுபிசுத்தது.

"பார்த்தீரா தம்பி, இது இரும்புக்கு. உம்மட கார் இதில கரைஞ்சிரும்."

மொடல் கிட்டுகள் பெரும்பாலும் பொலிஸ்ரைரீன் பிளாஸ்ரிக். கராஜில் பாவிக்கும் கடும் தின்னர் அதைத் தின்றுவிடும். கிட் ஒட்டும் பசையும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் அளவோடு. இரண்டு பாகத்தின் விளிம்பையும் இளக்கி ஒன்றாக்கிவிடுகிறது. பச்சை மூடி போட்ட தமியாவின் மெல்லிய பசை கிடைத்தால் அதை வாங்குங்கள். பாகங்களைப் பொருத்திப் பிடித்துக்கொண்டு தூரிகையால் ஒரு தொடு தொட்டால் தானாகவே இடுக்கு வழியே ஓடும். சுப்பர் குளூவைக் கண்ணாடிப் பாகங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம். அதன் ஆவி பட்டாலே கண்ணாடி வெள்ளையாகப் புகை படியும். கண்ணாடிக்குப் பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளைப் பசை போதும்.

பிறகு அண்ணை வெளியே போய் வானத்தைப் பார்த்தார். வாடை தொடங்கியிருந்தது. "இண்டைக்கு ஒண்டும் அடிக்க வேணாம். வெளுத்துப் போகும்" என்றார். மூலையில் கிடந்த மோட்டார் சைக்கிள் டாங்கி ஒன்றைக் காட்டினார். கறுப்பு டாங்கி, மேலே பால் படர்ந்தது போல இருந்தது. வாடிக்கையாளர் அவசரப்படுத்தியதால் மழைக்குள் அடித்ததாம்.

லக்கர் பெயின்டில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் கூடுதலாக இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து பெயின்டுக்குள்ளேயே அகப்பட்டுக்கொள்ளும். மினுக்கம் போய் வெள்ளை படரும். ஸ்பிறே டின்னுக்கும் இதே கதிதான். எங்களுக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும்தான் வருகிறது. ஆகவே கடையில் எந்த பெயின்டை வாங்குகிறோம் என்பதைவிட எந்த நாளில் அடிக்கிறோம் என்பதுதான் இங்கே பெரிய விஷயம். விலை கூடிய பெயின்டும் ஈரக் காற்றுக்கு முன்னால் ஒன்றுதான். வெளுத்தால் பதற வேண்டாம், அது பெரும்பாலும் திருத்தக்கூடியது. நல்ல வெயில் நாளில் மெதுவாக ஆவியாகும், பிளாஸ்ரிக்குக்கு ஒத்துவரும் தின்னரை மெல்லிய தூறலாக மேலே அடித்தால் அகப்பட்ட ஈரம் வெளியேறும் என்றார்.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொன்னார். டின்னைக் கூட்டுக்கு வெளியே தொடங்கி வெளியே நிறுத்து, காருக்கு மேலே வைத்து அமத்தவும் வேண்டாம், விடவும் வேண்டாம். முதல் இரண்டு பூச்சும் தூறல் போல. நிறம் மூடவில்லை என்று கவலைப்படாதே. ஒரு பிளாஸ்ரிக் கரண்டியில் முதலில் அடித்துப் பார். சிவப்புக்குக் கீழே சாம்பல் பிறைமர் (அடிப்பூச்சு) போட்டால் நிறம் மங்கும், வெள்ளை போடு. கடைசியில் அவரிடம் நான் சிவப்பு வாங்கவே இல்லை. பிளாஸ்ரிக்குக்கு ஒத்துவரும் பிறைமரும் சின்ன ஸ்பிறே டின்னும் கொழும்பில் இருந்து பஸ்ஸில் வந்தன.

கிண்ணியாவிலிருந்து

உவர்மலை நானா சொன்னது மழைக் காலத்துக்கு. எங்களுக்கு மற்றப் பக்கமும் ஒரு கரைச்சல் இருக்கிறது: கச்சான். வைகாசியில் தொடங்கி ஆவணி கடந்தும் அந்தக் காய்ந்த காற்று வீசும்போது ஈரப் பிரச்சினை இல்லை, ஆனால் பெயின்ட் காரில் போய்ச் சேர முன்னமே பாதி காய்ந்துவிடும். தடவிப் பார்த்தால் மணல் தாள் போல. அதோடு முற்றத்துத் தூசி முழுக்க காரில்தான் குந்தும். நான் அந்தக் காலத்தில் சுபஹுத் தொழுகை முடித்து வந்து அடிக்கிறேன். அந்த நேரம் காற்று எழும்பியிருக்காது. கொஞ்சம் கிட்டப் பிடித்து அடிப்பேன்.

என்னுடைய மாமா பைபர் வள்ளம் கட்டுகிறவர். கிட்டைப் பிரித்ததும் பெயின்டை எடுத்தவனை நிறுத்தி, "கழுவினியா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. வள்ளத்து அச்சுக்கு மெழுகு பூசித்தான் பைபர் போடுவார்கள், இல்லாவிட்டால் வள்ளம் அச்சை விட்டுக் கழன்று வராது. அந்த மெழுகு வள்ளத்தில் ஒட்டிக்கொண்டு வரும், அதைக் கழுவாமல் பெயின்ட் அடித்தால் பட்டை பட்டையாக உரியும். பிளாஸ்ரிக் கிட்டும் அச்சில் வார்த்ததுதான், அதிலும் அந்த எண்ணெய்த் தன்மை இருக்கலாம். கோப்பை கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கியும் போதும். கழுவின பிறகு வெறும் கையால் தொடாமல் இருப்பது நல்லது, எங்கள் வியர்வைக்கும் பெயின்டுக்கும் ஒத்துவராது.

மினுக்குவதும் மாமாவிடம் பார்த்ததுதான். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளில் 1000, 1500, 2000 என்று மெல்ல மெல்ல ஏறி, கடைசியில் மினுக்கும் பேஸ்ட். விளிம்புகளில் கை வைக்காதே, அங்கேதான் பெயின்ட் மெல்லிசு, உடனே பிளாஸ்ரிக் தெரிந்துவிடும் என்பார். வள்ளத்திலும் அப்படித்தானாம்.

சிவன் கோயிலடியிலிருந்து

எங்கள் வீட்டில் இது தொடங்கியது மகனால். 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி 992 வகுப்பில் மூன்றாவதாக வந்ததிலிருந்து அவனுக்கு அந்த அணி ஓட்டிய போர்ஷேதான் வேண்டும். அதே காரின் கிட் எங்களுக்குக் கிடைக்கவில்லை. வேறொரு போர்ஷே 911 கிடைத்தது. அவன் கூட்டைச் செய்தான், சின்ன வேலைகளெல்லாம் என் தலையில் விழுந்தன. கோலம் போடுகிற கை நடுங்காது என்பது அவனுடைய கணக்கு.

கண்ணாடி ஓரக் கறுப்புக் கோடு எனக்குச் சரியாக வரவில்லை. கொட்பே துறைமுகப் பக்கம் வள்ளங்களுக்குப் பெயர் எழுதும் ஒரு ஐயாவை என் கணவருக்குத் தெரியும். அவர் எழுதுகிற நேரம் போய் நின்று பார்த்தேன். தூரிகை பிடித்த கையை இன்னொரு குச்சியில் சாத்திக்கொண்டுதான் எழுதுகிறார், கை அந்தரத்தில் இல்லை. நான் கேட்டதும் சிரித்துவிட்டு, "போன இடத்துக்குத் திரும்பிப் போகாதீங்க பிள்ளை" என்றார். இனாமல் ஆனாலும் அக்ரிலிக் ஆனாலும் அரைவாசி காய்ந்த இடத்தில் தூரிகை மறுபடி பட்டால் இழுபட்டுக் கோடு கோடாக எழும்பும். முதல் பூச்சு திட்டுத் திட்டாகத் தெரிந்தால் தெரியட்டும், காய்ந்த பிறகு இரண்டாவது பூச்சு மூடிக்கொள்ளும். தூரிகையால் பூசும் பெயின்ட் டின்னை ஆட்டாமல் அடியிலிருந்து கிளறச் சொன்னார், ஆட்டினால் குமிழி வரும். இனாமலுக்கு மேலே லக்கர் அடித்தால் சுருங்கி எழும்பும் என்பதும் அவர் சொன்னதுதான். லக்கருக்கு மேலே இனாமல் பரவாயில்லை. இந்த ஒழுங்கு தெரியாமல் முழுக் காரையும் உரித்தவர்கள் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு கூட்டை ஒரு ஜாம் போத்தலுக்கு மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, முழங்கை மேசையில், சின்ன விரல் போத்தலில். சின்னப் பாகங்களைப் பிடிக்க எல்லோரும் கிளிப் வைத்த குச்சி வாங்கச் சொல்கிறார்கள். ஈர்க்கு நுனியில் கொஞ்சம் ரேப்பைச் சுற்றி ஒட்டினால் அதே வேலை நடக்கிறது. தென்னை இல்லாத வளவு இங்கே எது?

டெக்கல் ஒட்டுவதற்கு ஒரே வார்த்தை: பொறுமை. தண்ணீரில் நனைத்து எடுத்து, தாளோடு சேர்த்துக் கொஞ்சம் வைத்திருந்தால் தானாக நழுவும். நகத்தால் இழுத்தால் சுருண்டுவிடும். வளைவுகளில் இளஞ்சூடான ஈரத் துணியை ஒத்தினால் படிந்துவிடுகிறது. மேலே அடிக்கும் தெளிந்த லக்கரை ஆரம்பத்திலேயே நனைய அடித்தால் அது டெக்கலையே தின்னும். அதற்கும் தூறல்தான்.

லிங்கநகரிலிருந்து

எல்லோரும் பெயின்டைப் பற்றியே பேசுகிறீர்கள். கொம்பிரஷரும் அதன் காற்றால் பெயின்ட் விசிறும் ஏர்பிரஷும் வாங்கினால்தான் நல்ல கார் வரும் என்று தொடங்குகிறவர்களைப் பயமுறுத்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரைக்கும் போனது, மார்ச் கடைசியில் 13 மணிநேரம் கரண்ட் இல்லை. கொம்பிரஷர் வைத்திருந்தவர் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் யன்னலடியில் இருந்து பகல் வெளிச்சத்தில் சில்லும் இயந்திரமும் பூட்டினேன். கையால் தீட்டினால் போதுமான பாகங்கள் ஒரு ரேஸ் காரில் நிறைய இருக்கின்றன. ரயரின் பக்கத்துக்கு மினுக்கக் கறுப்பு அடித்தால் விளையாட்டுச் சாமான் போலத் தெரியும், மங்கல் கறுப்பும் கொஞ்சம் சாம்பலும் கலந்து அடியுங்கள்.

இப்போது கையில் இருப்பது மஞ்சள் கார். 2005இல் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஜோர்தான் அணி F1 காரின் நிறத்தில் ஒரு 1/20 காரைத் தீட்டுகிறேன். அந்த வருடம் அமெரிக்க கிராண்ட் பிரீயில் அவர் நாலாவது. அன்றைக்கு ஓடியதே ஆறு கார்தான் என்று என் நண்பன் இன்றைக்கும் சீண்டுவான். இருக்கட்டும், ஐந்து புள்ளி என்றால் ஐந்து புள்ளிதான். மஞ்சள் மூடுகிற நிறமே இல்லை. கீழே சுத்த வெள்ளை இல்லாமல் தொடங்கினால் மூலையெல்லாம் பச்சை அடித்துத் தெரியும்.

பாலையூற்றிலிருந்து

நான் ஓய்வுபெற்ற ஆள். எனக்கு முதல் கிட் தந்தவர் சீனக்குடா மாவு ஆலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பலின் இன்ஜினியர் ஒருவர். வேலை விஷயமாகப் பழக்கம். போகும்போது பிரிக்காத பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே டிரெல் பி34 என்ற F1 ரேஸ் கார். முன்னுக்கு நாலு சின்னச் சில்லு, பின்னுக்கு இரண்டு பெரிய சில்லு, மொத்தம் ஆறு. என் மனைவி யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தார். முன் சில்லு 10 அங்குலம். முன் செட்டைக்குப் பின்னால் அது மறைந்தால் காற்று தடைப்படாது என்பது அதை வடிவமைத்தவர்களின் எண்ணம். 1976 சுவீடன் கிராண்ட் பிரீயில் ஜோடி ஷெக்டர் முதலாவது, பட்ரிக் டெபாயே இரண்டாவது, இருவரும் அந்தக் காரில்தான்.

வேலையும் பிள்ளைகளும் என்று அந்தப் பெட்டி பல வருடம் அலுமாரி மேல் கிடந்தது. அதனால் என்னுடைய பங்குக்கு ஒன்று: பழைய கிட் கையில் வந்தால் டெக்கலை நேரே தண்ணீரில் போடாதீர்கள். எங்கள் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் அது நொறுங்கிப்போய் இருக்கும். ஓரத்தில் தேவையில்லாத சின்ன எழுத்து ஒன்றை வெட்டிச் சோதியுங்கள். அது துண்டு துண்டாகப் பிரிந்தால் முழுத் தாளுக்கும் தெளிந்த லக்கரை அடித்துக் காயவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக ஓரம் ஒட்ட வெட்டி எடுங்கள். மஞ்சளாகிப் போயிருந்தால் தாளைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு வெயில் படும் யன்னலில் ஒட்டிவைத்தால் கொஞ்சம் வெளுக்கும். வெயிலுக்கு எங்களிடம் பஞ்சமில்லை.

உவர்மலையிலிருந்து மறுபடி

இப்போது கிட் வாங்கியிருக்கிறேன், மழை தொடங்கப்போகிறது, என்ன செய்வது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். பொறுக்க முடியாவிட்டால் கழுவி, உட்பக்கம், இருக்கை, சில்லு, இயந்திரம் எல்லாவற்றையும் கையால் தீட்டி முடியுங்கள். கூட்டில் இருக்கும் வார்ப்புக் கோடுகளைத் தேய்த்து எடுங்கள், அதற்கே நிறைய நேரம் போகும். ஸ்பிறேக்கு மட்டும் தைப்பொங்கல் கழியட்டும். அடிக்கும்போது முகக்கவசம் போட்டு, வெளியில் நின்று அடியுங்கள்.

காயவைக்க மீன் வரும் ரெஜிபோம் பெட்டியைக் கவிழ்த்து மூடலாம், தூசி விழாது. நாலைந்து தரம் கழுவி வெயிலில் போட்டால் மணமும் போய்விடும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் வைத்து ஸ்பிறே அடிக்க வேண்டாம். ரெஜிபோமும் பொலிஸ்ரைரீன்தான், உருகிக் காரில் ஒட்டிக்கொள்ளும்.