46 வயசு, தினமும் நடக்குறேன், வயிறு மட்டும் முன்னாடி வருது... யாருக்காவது நெசமா குறைஞ்சிருக்கா?

மாடித்தோட்டம் (திருச்சி):

வணக்கம் தோழிகளே, ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போயிடுவேன், இன்னைக்கு தான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க. எனக்கு 46. அக்கவுண்ட்ஸ் வேலை, காலைல ஒன்பதரைக்கு சேர்ல உக்காந்தா மத்தியானம் டப்பாவ தொறக்க எந்திரிக்கிறதோட சரி. ரெண்டு பசங்க, ரெண்டுமே சிசேரியன். ஒன்றரை வருஷமா பீரியட்ஸ் தாறுமாறு, ஒரு தடவ 22 நாள்ல வருது, அடுத்தது 50 நாள் ஆகியும் காணோம். ராத்திரி மூணு மணிக்கு டான்னு முழிப்பு, கழுத்துல இருந்து குப்புன்னு வேர்வை, ஃபேன கூட்டி வச்சா வீட்டுக்காரர் போர்வைய தேடுறார், கொறச்சா நான் எந்திரிச்சு உக்காந்துக்குறேன். டாக்டர் இது மெனோபாஸுக்கு முந்தின கட்டம், பெரிமெனோபாஸ், இப்படித்தான் இருக்கும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. சரி, அதெல்லாம் தாங்கிக்கலாம், இந்த வயிறு?

62 கிலோ இருந்தேன், இப்ப 67. கை கால் அப்படியே இருக்கு, முகம் வத்திப்போச்சுன்னு அம்மா வேற சொல்றாங்க, ஏறின அஞ்சு கிலோவும் தொப்புளை சுத்தி தான் உக்காந்திருக்கு. பாவாடை நாடால தினமும் முடிச்சு போடுற இடம் கசங்கி ஒரு தழும்பு மாதிரி இருக்கும்ல, அதுக்கும் இப்ப முடிச்சு விழுற இடத்துக்கும் நாலு விரல் தூரம். போன வாரம் பஸ்ல ஒரு காலேஜ் பொண்ணு எந்திரிச்சு உக்காருங்கக்கான்னு இடம் குடுத்துச்சு, வயசுக்கு மரியாதைன்னு நெனச்சு உக்காந்துட்டேன், அப்புறம் அது என் வயித்த பாத்து சிரிச்ச சிரிப்புல தான் விஷயமே புரிஞ்சது. 😐

இதுவரைக்கும் செஞ்சது: மொட்டமாடில எட்டு போட்டு நடக்குறேன், 40 நிமிஷம், எட்டு மாசமா. ராத்திரி சோறு நிறுத்தி ரெண்டு சப்பாத்தி. காலைல வெறும் வயித்துல எலுமிச்சை தேன். ஒரு வீடியோ பாத்து க்ரஞ்சஸ் (மல்லாந்து படுத்து தலையும் தோளும் தூக்குற வயித்து பயிற்சி) ஆரம்பிச்சேன், ஒன்பதாவது நாள் இடுப்பு பிடிச்சு குனிய முடியாம ரெண்டு நாள் லீவு போட்டது தான் மிச்சம். ஜிம்முக்கு போக நேரமும் இல்ல, உண்மைய சொன்னா கூச்சமும். யாருக்காவது குறைஞ்சிருந்தா என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க ப்ளீஸ்.

---

ரயில்சிநேகிதி:

அந்த பஸ் கதை எனக்கும் நடந்திருக்கு, நான் இடத்தை விடல 😂

நீங்க டீ பத்தி எழுதவே இல்லையே. நான் ஒரு நாள் எண்ணி பாத்தேன், ஆபீஸ்ல மூணு, வீட்ல ரெண்டு, ஆளுக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு ஸ்பூன் நாலு கிராம்னா 40 கிராம், அதுலயும் எங்க ஆபீஸ் டீ பாயாசம். நாளைக்கு 25 கிராமுக்குள்ள வச்சுக்கிறது நல்லதுன்னு சொல்றாங்க. சாப்பாட்டுல கைய வைக்காம சர்க்கரைய மட்டும் அரை ஸ்பூனா ஆக்கினேன், மொத ரெண்டு வாரம் கஷாயம் குடிக்கிற மாதிரி இருந்துச்சு, இப்ப பழைய டீய குடிச்சா திகட்டுது. இன்னொன்னு, பசங்க தட்டுல மிச்சம் வைக்கிற அந்த அரை தோசை, அதையும் உங்க கணக்குல எழுதுங்க.

---

கொங்கு_அம்மணி (பொள்ளாச்சி):

கண்ணு, எனக்கு இப்ப 51. 47-ல இதே கூத்து, அதனால உக்காந்து எழுதறேன்.

மொதல்ல ஒன்னு, நீ சோம்பேறியா இருந்து வந்த வயிறு இல்ல இது. ஈஸ்ட்ரோஜன் இருக்கற வரைக்கும் கொழுப்பு தொடைலயும் இடுப்புலயும் போயி சேருமுங்க, அது இறங்க ஆரம்பிச்சா உள்ள குடலை சுத்தி வயித்துக்குள்ள சேர ஆரம்பிக்குது. கூடவே தசை கரையுது. தசை கொறஞ்சா சும்மா உக்காந்திருக்கறப்ப ஒடம்பு செலவழிக்கற கலோரியும் கொறையும், ஆனா நம்ம சாப்பாடு மட்டும் 30 வயசுல சாப்பிட்ட அதே அளவு. நானும் நீ செஞ்ச மாதிரியே தான் செஞ்சேன், நட நடன்னு நடந்தேன், சோத்த கொறச்சேன், ரெண்டு கிலோ எறங்குச்சு, கன்னம் ஒட்டுச்சு, வயிறு அப்படியே. பசி கெடந்தா தசையும் சேர்ந்து தான் போகும்னு அப்பறம் தான் வெளங்குச்சு.

எம்பட மருமக பிசியோ படிச்ச புள்ள, அவ தான் சொன்னா, நடக்கறத விட வேண்டாம் அத்தை, ஆனா வாரத்துக்கு ரெண்டு மூணு நாளு பாரம் தூக்கோணும்னு. நான் சிரிச்சேன், 47 வயசுல பயில்வானான்னு. அவ கொண்டாந்தது ஒரு சேரும் ஒரு மஞ்சப்பையும் தான். சேர்ல உக்கார்ற மாதிரி போயி பின்னாடி தொட்டதும் எந்திரிக்கறது பத்து. செவுத்துல கைய ஊனி தள்றது பத்து. மல்லாக்க படுத்து முழங்கால மடக்கி இடுப்ப மட்டும் மேல தூக்கி மூணு எண்ணி எறக்கறது பத்து. மஞ்சப்பைல மூணு கிலோ அரிசிய போட்டு, ஒரு கைய கட்டில்ல ஊனி குனிஞ்சுக்கிட்டு இன்னொரு கைல பைய விலாவுக்கு இழுக்கறது, கைக்கு பத்து. கடசியா ரெண்டு கைலயும் தண்ணி பக்கெட்ட தூக்கிட்டு முதுகு நிமிர்ந்து வாசல்ல இருந்து பொடக்காளி (கொல்லப்பக்கம்) வரைக்கும் நடை. இத ரெண்டு சுத்து, 25 நிமிசம், அவ்வளவுதான். அந்த பத்துல கடசி ரெண்டு திணறோணும், திணறலைனா அரிசிய கூட்டோணும். மூணு கிலோல ஆரம்பிச்சது இப்ப எட்டு கிலோ, காலி சிலிண்டர நானே உருட்டாம தூக்கி வெளிய வெக்கறேன்.

க்ரஞ்சஸ விடு. எந்த எடத்துக்கு வேலை குடுக்கறமோ அந்த எடத்து கொழுப்பு கரையும்னு ஒடம்புல கணக்கு இல்ல. அதுவும் ரெண்டு சிசேரியன் ஆன வயிறு. மல்லாக்க படுத்து தலைய மட்டும் தூக்கி பாரு, தொப்புளுக்கு மேலயும் கீழயும் நடுக்கோட்டுல மேடு மாதிரி எழும்புதுன்னா வயித்து தசை ரெண்டும் வெலகி இருக்கலாம், அப்படி இருந்தா ஒரு பிசியோகிட்ட காமிச்சுட்டு ஆரம்பி.

சாப்பாட்டுல நான் கொறச்சதவிட சேத்தது தான் அதிகம். ஒடம்பு எடைல கிலோவுக்கு 0.83 கிராம் புரோட்டீன்னு நம்ம ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) கணக்கு, உனக்கு 55 கிராம் கிட்ட வருது. நாலு இட்லில எட்டு கிராம் தேறினா பெருசு. காலைல ரெண்டு முட்டை, அது 12. மத்தியானம் சோத்த ஒரு கரண்டி கொறச்சு பருப்ப கெட்டியா ஒரு கிண்ணம். சாயங்காலம் முறுக்கு டப்பாவ தொறக்கற நேரத்துல சுண்டல். முட்டை ஆகாதுன்னா மீல்மேக்கர், 50 கிராம் காஞ்சத வெந்நில போட்டா 25 கிராம் கிட்ட அதுலயே வந்துரும்.

ஆறு மாசத்துல எடை வெறும் மூணு கிலோ தானுங்க கொறஞ்சுது. ஆனா நாடா ரெண்டு விரல் உள்ள வந்துருச்சு.

---

இயற்கைவழி:

இவ்வளவு கஷ்டம் எதுக்கு தோழி, இளைச்சவனுக்கு எள்ளு கொழுத்தவனுக்கு கொள்ளுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க. கொள்ளு, சீரகம், கருஞ்சீரகம் எல்லாம் சேர்த்து நாங்க வீட்லயே பொடி பண்ணி தர்றோம், 48 நாள் சாப்பிட்டா வயித்து கொழுப்பு கரைஞ்சு வெளிய போயிடும், வேணும்னா தனி மெசேஜ் பண்ணுங்க.

---

கொங்கு_அம்மணி:

சாமி, நான் கொங்கு நாட்டுக்காரி, எங்கூட்ல வாரத்துக்கு ரெண்டு நாளு கொள்ளுப்பருப்பு, மழ பேஞ்சா கொள்ளு ரசம், பொறந்ததுல இருந்து தின்னுட்டு தான் எனக்கு தொப்பை வந்துச்சு. கொள்ளு நல்லது, புரோட்டீன் இருக்கு, பசி தாங்கும், யாரு இல்லீங்கறா. கரைச்சு வெளிய தள்றதெல்லாம் அதோட வேல இல்ல.

---

நைட்டுடூட்டி:

நான் நர்ஸ், 22 வருஷ சர்வீஸ், டாக்டர் இல்ல, அத மனசுல வச்சு படிங்க. கொங்கு அக்கா சொன்னதுல நான் மாத்த ஒன்னும் இல்ல. அமெரிக்கால ஸ்வான்னு ஒரு ஆய்வு, ஆயிரக்கணக்கான பொம்பளைங்கள வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்தது, அதுலயும் கடைசி பீரியட்ஸுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வாக்குல இருந்தே கொழுப்பு ஏர்ற வேகம் கூடி தசை இறங்க ஆரம்பிக்குதுன்னு தான் வந்துச்சு. உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம் மூச்சு வாங்குற நடை, கூட ரெண்டு நாள் தசைக்கு வேலைன்னு தான் சொல்லுது. உங்க எட்டு நடைல பாட முடியுதா பாருங்க மா. பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகம் வேணும். எட்டு போடறப்ப வளைவு வளைவா வர்றதால வேகம் பிடிக்கிறது கஷ்டம், வாரத்துல பாதி நாளாவது நேர் ரோட்ல போங்க. சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடந்தா சுகர் ஏர்றது குறையும், ராத்திரி டிபனுக்கு அப்புறம் அத பழகுங்க.

ஆனா எல்லாத்துக்கும் முன்னாடி ரத்தம் குடுங்க. தைராய்டு குறைவா இருந்தாலும் இதே எடை, இதே களைப்பு, இதே தாறுமாறு பீரியட்ஸ். டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கு), ஹெச்பிஏ1சி (மூணு மாச சுகர் சராசரி), ஹீமோகுளோபின், கொழுப்பு, கூட பிபி. நம்ம நாட்டு பொம்பளைங்களுக்கு இடுப்பு சுற்றளவு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்னரை இன்ச் தாண்டினா சுகர், இதயம் பக்கம் கவனிக்கணும்னு அர்த்தம். நாடா எங்க வேணா இறங்கி ஏறும், அதனால டெய்லர் டேப்ப வச்சு கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல, மூச்ச விட்டுட்டு அளங்க, வயித்த எக்கிக்காதீங்க (எல்லாரும் எக்குவாங்க, நானும் தான்).

தூக்கம் இல்லாதத சாதாரணமா விடாதீங்க. தூங்காத மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும், நைட் ஷிப்ட் முடிச்சு வந்து நானே டப்பா டப்பாவா காலி பண்ணிருக்கேன். வேர்வை தாங்கவே முடியலன்னா மகப்பேறு டாக்டர்கிட்ட ஹார்மோன் சிகிச்சை பத்தி வாய் திறந்து கேளுங்க, அது எடை குறைக்கிற மருந்து இல்ல, எல்லாருக்கும் ஒத்துவராது, மார்பக கேன்சர் வந்தவங்களுக்கு பொதுவா குடுக்க மாட்டாங்க, ஆனா தேவைப்படுறவங்களுக்கு தூக்கத்தை திருப்பி குடுக்கும்.

---

மருதாணி (மதுரை):

நர்சக்கா சொன்னதுக்கு நானே சாட்சி. எனக்கு 49ல அடிவயிறு முன்னாடி வந்துச்சு, எல்லாரும் தொப்பைன்னாங்க, நானும் அப்படித்தேன் நெனச்சேன், காலைல வைகை கரையோரம் நடை, ராத்திரி வெறும் மோர். கை காலெல்லாம் குச்சியாயிருச்சு, வயிறு மட்டும் கல்லு கணக்கா. தொட்டா கொழுப்பு கொழகொழன்னுல்ல இருக்கும், இது கெட்டியா இருந்துச்சு, அது எனக்கு ஒறைக்கவே இல்ல. பீரியட்ஸ் வந்தா பத்து நாளு, மணிக்கொரு பேடு, கட்டி கட்டியா போகும், இந்த வயசுல அப்படித்தேன்னு பெரியம்மா சொல்ல நானும் விட்டுட்டேன். ஒரு நாளு மாடிப்படில மூச்சு வாங்கி உக்காந்துட்டேன், ஹீமோகுளோபின் 7.8. ஸ்கேன்ல பாத்தா ஃபைப்ராய்டு, அதான் கர்ப்பப்பை தசைக்கட்டி, கர்ப்பப்பை அஞ்சு மாச அளவுக்கு பெருத்து கெடக்கு. ஆபரேசன் பண்ணி எடுத்தாச்சு, இப்ப நல்லாருக்கேன். அதுக்கு முன்னாடி காமிச்ச எடத்துல வயித்துல கைய வச்சுக்கூட பாக்காம எடைய கொறைங்கன்னு எழுதி குடுத்தாங்க, அந்த சீட்ட இன்னும் வச்சிருக்கேன்.

---

நைட்டுடூட்டி:

இத பத்து பேரு படிக்கணும். வயிறு உப்பசம் ரெண்டு மூணு வாரமா விடாம இருந்தாலோ, ரெண்டு வாய் சாப்பிட்டதும் நிறைஞ்சு போனாலோ, ஸ்கேன் எடுத்துருங்க, சினைப்பை கோளாறும் இப்படி தான் ஆரம்பிக்கும். அப்புறம் பீரியட்ஸ் 12 மாசம் சுத்தமா நின்ன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அன்னைக்கே டாக்டர்.

---

மாடித்தோட்டம்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. மருதாணி அக்கா எழுதினத படிச்சிட்டு மறுநாளே போனேன். ஸ்கேன்ல ஒன்னும் இல்ல. டிஎஸ்ஹெச் சரியா இருக்கு. ஹெச்பிஏ1சி 5.9, சுகருக்கு முந்தின படின்னு சொன்னாங்க, அது தான் தூக்கி வாரிப்போட்டுச்சு. இடுப்பு 94 சென்டிமீட்டர், எக்காம.

---

மாடித்தோட்டம் (11 வாரம் கழிச்சு):

யாரும் கேக்கல, நானே வந்துட்டேன் 😄 எடை 65.4. இடுப்பு 90. டீ அரை ஸ்பூன் சர்க்கரை, எலுமிச்சை தேன் நிறுத்தியாச்சு (தேனும் சர்க்கரை தானேன்னு மருமகன் முறைல ஒருத்தன் சிரிச்சான்). செவ்வாய் வெள்ளி ஞாயிறு சேரும் அரிசிப் பையும், நடுவுல தீபாவளி வந்து ஒன்றரை வாரம் போச்சு, அத மறைக்க விரும்பல. ரெண்டு கிலோ டம்பெல்ஸ் ஜோடி வாங்கினேன், ஒன்ன பெரியவன் கதவு சாத்தாம இருக்க முட்டு குடுத்து வச்சிருக்கான், தினமும் தேட வேண்டியிருக்கு. மூணு மணி முழிப்பு இன்னும் போகல, ஆனா வாரத்துல ரெண்டு நாள் விடியுற வரைக்கும் தூங்குறேன். நாடா தழும்புக்கு இன்னும் ரெண்டு விரல் பாக்கி.

கொங்கு அக்கா, ஒரு சந்தேகம், சேர்ல இருந்து எந்திரிக்கிறப்ப முழங்கால் டொக் டொக்னு சத்தம் வருது, வலி இல்ல. பரவால்லையா?

---

கொங்கு_அம்மணி:

வலியும் வீக்கமும் இல்லீன்னா பயப்படாத கண்ணு, என்ற முழங்காலும் அப்படித்தான் கத்துது. முழங்கால் உள்பக்கம் சாயாம பாத்துக்கோ. அரிசி இப்ப எத்தன கிலோ?

---

மாடித்தோட்டம்:

அஞ்சு. பை கிழிஞ்சிருச்சு, கட்டைப்பைக்கு மாத்திட்டேன்.