மவுத் ஆர்கனைப் பிரிச்சு மேஞ்ச கதைகள்: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

காவேரிப்பட்டணத்தான்

எல்லாருக்கும் வணக்கம். ஓசூர்ல ஒரு டூல்ரூம்ல மில்லிங் பாக்குறேன், 14 வருஷம் ஆச்சு, சொந்த ஊரு காவேரிப்பட்டணம். மவுத் ஆர்கன் வாசிப்பேன்னு நெஞ்ச நிமித்தி சொல்ற அளவுக்கு இல்ல, ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல வரும்போது கடைசி சீட்ல உக்காந்து ஊதுவேன், இதுவரைக்கும் யாரும் திட்டல அதனால ஊதிக்கிட்டு இருக்கேன்.

என்கிட்ட இருக்கிறது 10 ஓட்டை, சி ஸ்கேல், கூத்துக்காரங்க பாஷைல ஒரு கட்டை. வாங்குன நாள்ல இருந்தே 2, 3 ஓட்டைல மூச்சை உள்ள இழுத்தா சத்தம் பாதி காத்து பாதின்னு வரும். ஒரு ஞாயித்துக்கிழமை கடுப்புல ஸ்க்ரூவை கழட்டிட்டேன். உள்ள பார்த்தா அவ்ளோதாங்க விஷயம், மேல ஒரு பித்தளை பிளேட்டு கீழ ஒரு பித்தளை பிளேட்டு, ஒவ்வொண்ணுலயும் 10 ரீட், அதான் காத்து பட்டா ஆடி சத்தம் போடற மெல்லிசு தகடு, ரிவிட் அடிச்சிருக்கு, நடுவுல பிளாஸ்டிக்ல ஒரு சட்டம், கோம்ப்னு சொல்றாங்க, பார்த்தா நெசமாவே பல்லு தடிச்ச சீப்பு மாதிரிதான் இருக்கு. வெளில ரெண்டு தகர கவர். தினமும் மைக்ரான்ல வேலை பாக்குறவனுக்கு இதைப் பார்த்தா திமிர் வருமா வராதா, எனக்கு வந்துச்சு. இந்த பிளாஸ்டிக் சீப்புதான் சத்தத்தை குடிக்குது, இதையே அலுமினியத்துல அடிச்சா மணி மாதிரி பேசும்னு முடிவு பண்ணிட்டேன்.

சூப்பர்வைசர் கிட்ட சொல்லிட்டு சனிக்கிழமை ஷிப்ட் முடிஞ்சதும் ஒரு துண்டு அலுமினியத்தை வைஸ்ல புடிச்சு 10 அறையும் வெட்டுனேன், மூலையெல்லாம் ரேடியஸ் குடுத்து உள்பக்கம் பாலிஷ் கூட போட்டேன், பாக்குறதுக்கு நகை மாதிரி இருந்துச்சு. பிளேட்டை மாட்டி ஊதுனா பழைய பிளாஸ்டிக்கை விட மோசம்! 2 ஆம் ஓட்டை சுத்தமா பேசல, ஆஸ்துமாக்காரர் மூச்சு விடற மாதிரி ஒரு இரைச்சல் மட்டும்.

திங்கக்கிழமை அதை மேடு பள்ளம் அளக்குற டயல் கேஜ்ல ஓட்டிப் பார்த்தேன். நடுவுல 80 மைக்ரான் தூக்கி இருக்கு. வைஸ்ல இறுக்கிப் புடிக்கும்போது நேரா இருந்தது கழட்டினதும் வில்லு மாதிரி நிமிந்துடுச்சு, மெல்லிசு பீஸ் அப்படித்தான் பண்ணும்னு எனக்கே தெரியும், தினமும் பசங்களுக்கு சொல்லிக் குடுக்குறேன், ஆனா என் வேலைன்னு வரும்போது மறந்துட்டேன். 80 மைக்ரான்னா ஏறக்குறைய ஒரு தலைமுடி. அந்த சந்துல காத்து பக்கத்து அறைக்கு ஓடுது, அப்புறம் ரீட் எங்க இருந்து ஆடும்?

சரி பிளாட் பண்ணுவோம்னு பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் போடற இடத்துல தெரிஞ்ச பையன்கிட்ட சொல்லி ஒரு முழம் நீளத்துக்கு வெட்டு பீஸ் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். இன்ஸ்பெக்ஷன் ரூம்ல சமதளம் பாக்க வெச்சிருக்கிற சர்ஃபேஸ் பிளேட் தரத்துக்கு எல்லாம் இருக்காது, ஆனா ஸ்ட்ரெயிட் எட்ஜ் வெச்சு பின்னாடி டார்ச் அடிச்சுப் பார்த்து வெளிச்சம் வராத இடமா ஒரு ஜாண் தேர்ந்தெடுத்தேன், 10 செ.மீ. பீஸுக்கு அது போதும். மேல 320 நம்பர் வாட்டர் பேப்பர். கோம்ப் மேல மார்க்கர் பேனாவால முழுசா கறுப்பு பூசி எட்டு போடற மாதிரி தேச்சேன், பத்து தடவை தேச்சுட்டு பார்த்தா ரெண்டு ஓரம் மட்டும் வெள்ளையா அழிஞ்சிருக்கு, நடு கறுப்பு அப்படியே நிக்குது. அன்னிக்கு அந்த கறுப்பைப் பார்த்ததும்தான் எனக்கு மவுத் ஆர்கன்னா என்னன்னே புரிஞ்சுது. அப்புறம் 600, 1000. மொத்த கறுப்பும் ஒரே நேரத்துல அழியற வரைக்கும். ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, பல்லு இருக்கிற பக்கத்தை அமுக்கக் கூடாது, அது வளைஞ்சு குடுக்கும், விட்டா திரும்ப எழுந்துக்கும்.

மாட்டுனேன். 2 ஆம் ஓட்டை பேசுச்சு பாருங்க, வீட்டம்மா சமையக்கட்டுல இருந்து வந்து யாரு வாசிக்கிறதுன்னு கேட்டாங்க.

ஆனா கதை அதோட முடியல. சும்மா இருக்காம பழைய பிளாஸ்டிக் சீப்பையும் அதே கல்லுல தேச்சு மாட்டுனேன். அதே சத்தம். கதவுக்குப் பின்னாடி நின்னு ரெண்டையும் மாத்தி மாத்தி ஊதி எது அலுமினியம்னு வீட்டம்மா கிட்டயும் மச்சான் கிட்டயும் கேட்டேன், ரெண்டு பேரும் குத்துமதிப்பா சொன்னாங்க, பாதி தப்பு. ரெண்டு வாரம் அலுமினியத்தோட மல்லுக்கட்டினது மொத்தமும் வேஸ்ட். அந்த பீஸ் இப்ப பீரோ சாவிக்கு கீ செயினா தொங்குது.

நீங்க யாராச்சும் பிரிச்சு மேஞ்சிருந்தா எழுதுங்க.

அதியமான்கோட்டை பெட்டிக்காரர் பையன்

அண்ணா படிச்சேன், சிரிச்சேன். எங்க அப்பா 30 வருஷம் கூத்துல ஆர்மோனியப் பெட்டி போட்டவர், பென்னாகரம் அரூர் மொரப்பூர்னு விடிய விடிய சுத்துனவர். நான் காலேஜ் படிக்கும்போது என் மவுத் ஆர்கன்ல 4 ஆம் ஓட்டை இழுக்குற சுரம் இறங்கிப் போச்சு, தூக்கிப் போடலாம்னு இருந்தேன், அப்பாதான் குடுறான்னு வாங்கிப் பிரிச்சாரு. பார்த்துட்டு சொன்னதை அப்படியே எழுதறேன்: "பெட்டில ஒவ்வொரு ரீட்டும் தனி வீட்டுல குடியிருக்கும்டா, இதுல ரெண்டு ரீட் ஒரே அறையில ஒண்டுக்குடித்தனம், அதான் சண்டை."

சேவிங் பிளேடை ரெண்டா உடைச்சு ஒரு பாதியை ரீட் நுனிக்கு அடியில மெதுவா சொருகிக்கிட்டாரு, ரீட் கீழ மடங்காம இருக்க. இன்னொரு பாதியால சொரண்டுனாரு. நுனியில சொரண்டினா சுருதி ஏறும், ரிவிட் பக்கம் சொரண்டினா இறங்கும். நுனி கனம் குறைஞ்சா வேகமா ஆடும், அடி மெலிஞ்சா தொய்வு, அவ்ளோதான் கணக்கு. நாலு தடவை சொரண்டுனதும் நான் உடனே ஊதிப் பாக்கப் போனேன், கையில ஒரு தட்டு தட்டுனாரு. சொரண்டுன ரீட் உடனே உண்மை சொல்லாதாம், சூடு ஆறணும், ராத்திரி வெச்சுட்டு காலைல பார்னாரு. காலைல பார்த்தா நெசமாவே கொஞ்சம் நகந்துதான் இருந்துச்சு, திரும்ப ஒரு சொரண்டு.

ஆறு மாசம் ஓடுச்சு. அப்புறம் அதே ரீட் ரிவிட் கிட்ட கீறல் விட்டு ஒடைஞ்சே போச்சு. இறங்கறதே ஒடையப் போறதுக்கு அடையாளம்னு அப்பாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு, சொல்லல. ஏம்ப்பா சொல்லலன்னு கேட்டா சொரண்ட கத்துக்கிட்டியா இல்லையான்றாரு.

பாலக்கோடு வாத்தியார்

ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். என்னிடம் இருப்பது கடைகளில் சாதாரணமா கிடைக்கும் 24 ஓட்டை. ஸ்கூல் ஆண்டு விழாவுல பசங்களுக்கு வாசிச்சுக் காட்டுவேன். யூட்யூப்ல பார்த்து சுரத்தை வளைக்க, அதாவது வாயை மாத்தி சுரத்தை கொஞ்சம் கீழ இறக்க, மூணு மாசமா ட்ரை பண்றேன், தாடை வலிதான் மிச்சம். லீக்னால இருக்குமா? நானும் பேப்பர் போட்டுத் தேய்க்கணுமா?

காவேரிப்பட்டணத்தான்

சார் தேய்க்காதீங்க, லீக் இல்ல அது. உங்களுது ட்ரெமோலோ. மேல கீழ ரெண்டு ஓட்டையும் ஒரே சுரம்தான், ஒண்ணை ஒரு துளி தள்ளி டியூன் பண்ணி இருப்பாங்க, அதனாலதான் அந்த அலை அலையா நடுங்குற சத்தம். ஊதுறதுக்கு தனி அறை, இழுக்குறதுக்கு தனி அறை. வளையறதுக்கு, மேல தம்பி அவங்கப்பா சொன்னதா எழுதுன ஒண்டுக்குடித்தனம் வேணும். 10 ஓட்டைல 4 ஆம் அறைல ஊதுனா சி, இழுத்தா டி, ரெண்டும் ஒரே அறைல இருக்கிறதாலதான் இழுக்கும்போது வாயை மாத்தினா ரெண்டு ரீட்டும் சேந்து ஆடி நடுவுல இருக்கிற சி ஷார்ப் வருது. உங்க பெட்டில பக்கத்து வீடே இல்ல, யாரோட சண்டை போடும்? தாடைக்கு ரெஸ்ட் குடுங்க சார்.

தர்மபுரி மெக்கானிக்கல் தேர்ட் இயர்

அண்ணா நான் கொஞ்சம் ஓவரா போய்ட்டேன். எனக்கு எல்லா சுரமும் வளையணும்னு ஆசை, ஏன்னா 10 ஓட்டைல 1 ல இருந்து 6 வரைக்கும் இழுக்கும்போது மட்டும்தான் ஒழுங்கா வளையும், 7 ல இருந்து 10 ஊதும்போது மட்டும், மிச்சம் எல்லாம் அப்படியே விறைச்சு நிக்கும். ஹோனர் கம்பெனி எக்ஸ்பி-40 ன்னு ஒண்ணு விட்டாங்க, வழக்கமா 20 ரீட் இருக்கிற இடத்துல 40 ரீட், கூட இருக்கிற 20 ம் தானா பாட வர்றது இல்ல, வளைக்கறதுக்கு தோள் குடுக்க மட்டும். சுசுகி இன்னொரு வழில போய் 30 ரீட்ல சப்30 ன்னு பண்ணாங்க. ஐடியாவைப் படிச்சப்ப புல்லரிச்சுது. ஆனா எக்ஸ்பி-40 இப்ப தயாரிப்புலயே இல்ல.

காசு இல்லாதவன் வழி என்னன்னா வால்வு. மெடிக்கல் ஷாப்ல காயத்துக்கு ஒட்டற பேப்பர் டேப் இருக்குல்ல, அதை ரீட் அகலத்துக்கு வெட்டி, 1 ல இருந்து 6 வரைக்கும் இழுக்குற ரீட்டோட ஓட்டைல உள்பக்கமா ஒரு முனை மட்டும் ஒட்டினேன். ஊதும்போது டேப் அமுங்கி அந்த ஓட்டை மூடிக்கும், ஊதுற ரீட் தனியா நிக்கும், அப்ப அதையும் வளைக்கலாம். ஒட்டுற பக்கத்துல பசை எல்லா இடத்துலயும் இருக்கும்ல, அதுமேல இன்னொரு டேப்பைத் திருப்பிப் போட்டு பசையை மறைக்கணும், இது தெரியாம முதல் செட்டு மொத்தமும் பிளேட்டோட ஒட்டிக்கிச்சு. ரெண்டாவது செட்டு நீளம் ஜாஸ்தி, பக்கத்து சுவத்துல உரசி தவளை கத்துற மாதிரி ஒரு சத்தம். மூணாவது செட்டு ஓகே. 4 ஆம் ஓட்டை ஊதுற சுரம் கொஞ்சம் கீழ இறங்குச்சு, ஹாஸ்டல்ல கத்திட்டேன்.

அதோட நிறுத்தி இருக்கணும். எம்பாசிங்னு படிச்சேன், ஸ்பூன் கைப்பிடியால ரீட் ஓட்டையோட விளிம்பை லேசா நீவினா பித்தளை உள்ள தள்ளி சந்து குறுகும், காத்து வீணாகாது, மெல்ல ஊதினாலே பேசும். நல்லா இருக்கேன்னு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு நீவி 3 ஆம் ஓட்டை கிர்ர்னு அடைச்சுக்கிச்சு. இப்ப அது மொத்தமா ஊமை. என்ன பண்றது?

காவேரிப்பட்டணத்தான்

தம்பி சந்து அளக்குற ஃபீலர் கேஜ் இருந்தா அதுல இருக்கிறதுலயே மெல்லிசு இலையை எடு, ரீட்டுக்கும் ஓட்டைக்கும் நடுவுல ஓரமா விட்டு ஒரு தடவை இழு. பிசிறு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியணும்னா பின்னாடி லைட்டைக் காட்டி ரீட்டை நடுவுல வெச்சுப் பாரு, ரெண்டு பக்கமும் சமமா ஒரு வெளிச்சக் கோடு தெரியணும், தெரியாத பக்கம்தான் ஒட்டுது. அரம் போட்டுடாத.

தளி ரோடு குளிர்

என் பிரச்சனை வேற. நான் க்ரோமாட்டிக், 12 ஓட்டை, பட்டன் அமுக்கினா அரை சுரம் ஏறும், உள்ள 48 ரீட், ஏறக்குறைய எல்லாத்துக்கும் பிளாஸ்டிக் வால்வு. ஓசூர் டிசம்பர் காலைல இதை எடுத்து ஊதுங்க பாப்போம்! மூச்சுல இருக்கிற ஈரம் குளிர்ந்த பித்தளைல பட்டு பனி மாதிரி படிஞ்சு வால்வு எல்லாம் ஒட்டிக்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னாடி ப்ளக் ப்ளக்னு ஒரு சத்தம். ஒரு சர்ச் கேரல் புரோகிராம்ல இப்படி ஆகி மைக்ல தண்ணில குமிழி விட்ட மாதிரி கேட்டுச்சு, முன் வரிசைல சின்னப் பசங்க சிரிச்சாங்க.

அதுல இருந்து வாசிக்கறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஸ்வெட்டருக்குள்ள அக்குள்ல வெச்சுக்குவேன். பாக்குறவங்க காய்ச்சலான்னு கேப்பாங்க. அதுவே போதும், வேற எந்த ரிப்பேரும் தேவைப்படல. காவேரிப்பட்டணம் அண்ணன் சொல்ற லீக்கு எனக்கு இன்னொரு இடத்துலயும் இருக்கு, ஸ்லைடு, அதான் பட்டன் அமுக்கினா நகர்ற தகடு. அது லூசா இருந்தா காத்து போகுது, டைட்டா இருந்தா பட்டன் திரும்பி வரமாட்டேங்குது. இன்னைக்கு வரைக்கும் நடுவுல ஒரு இடம் கிடைக்கல.

பழைய பேட்டை பெரியவர்

எல்லாம் சரிங்க. நான் மரக் கோம்ப் காலத்து ஆளு. ஹோனர் 1857 ல ஜெர்மனில டிராசிங்கன்ல ஆரம்பிச்ச கம்பெனி, அவங்களோட மெரைன் பேண்ட்ங்கிற மவுத் ஆர்கன் 1896 ல வந்தது, பேரிக்கா மரம், ஸ்க்ரூ கிடையாது ஆணி. ஈரம் பட்டா மரப்பல்லு ஊதிப் பெருத்து வெளில நீட்டிக்கும், உதட்டை அறுக்கும். அதையே சில பேரு வேணும்னே தண்ணில முக்கி வாசிப்பாங்க, ஊதின மரம் சந்தை அடைச்சு கொஞ்ச நேரம் கணீர்னு இருக்கும், காஞ்சதும் முன்னைவிட மோசம். அப்புறம் 1983 ல லீ ஆஸ்கர்னு ஒண்ணு வந்துச்சு, ஜப்பான்ல டோம்போ கம்பெனி செஞ்சது, ரீட் போனா பிளேட்டை மட்டும் வாங்கி மாட்டிக்கலாம். என்னைக் கேட்டா வாசிக்கிறவனுக்கு நெசமா உதவுன மாற்றம் அதுதான். 40 ரீட் எல்லாம் கேக்க நல்லா இருக்கும், ரீட்டு கூடக் கூட காத்து ஓடற சந்தும் கூடும்.

இன்னொண்ணு, காவேரிப்பட்டணத்து தம்பி கோவிச்சுக்கக் கூடாது. 2 ஆம் ஓட்டை இழுத்தா பேசலன்னு வர்ற பத்துப் பேர்ல பெரும்பாலானவங்களுக்கு தப்பு பெட்டில இல்ல, வாயில. ஒறிஞ்சு இழுக்குறாங்க. தொண்டையைத் தொறந்து சும்மா மூச்சு வாங்குற மாதிரி வாங்கணும். பெட்டியா வாயான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. வாசிக்கும்போதே ரெண்டு கையாலயும் மேலயும் கீழயும் அழுத்திப் புடி. அமுக்கினா சத்தம் தேறுச்சுன்னா லீக்கு. தேறலன்னா வாயி.

காவேரிப்பட்டணத்தான்

ஐயா கோவம் எல்லாம் இல்ல, இப்பவே அமுக்கிப் பார்த்தேன். தேச்ச பெட்டில ஒரு வித்தியாசமும் இல்ல, மச்சானோட தேய்க்காத பெட்டில நல்லாவே தெரியுது. இதை முன்னாடியே யாராச்சும் சொல்லி இருந்தா அலுமினியம் மிச்சம்.

தர்மபுரி மெக்கானிக்கல் தேர்ட் இயர்

அண்ணா ஃபீலர் கேஜ் லேப்ல இருந்து வாங்கி விட்டேன், 3 ஆம் ஓட்டை பேசிடுச்சு!! ஆனா அமுக்குனா எனக்கும் சத்தம் தேறுது. சனிக்கிழமை ஊருக்கு வர்றேன், என் சீப்பை பஸ் ஸ்டாண்டுல குடுத்துட்டுப் போகவா, அந்தக் கல்லுல தேச்சுத் தர்றீங்களா?

காவேரிப்பட்டணத்தான்

கொண்டா தம்பி. சீப்பை மட்டும் கழட்டிக் குடுக்காத, பிளேட்டு ரெண்டையும் சேத்துக் குடு, அதுவும் வளைஞ்சிருந்தா நான் தேச்சு என்ன பிரயோஜனம். அப்புறம் பழைய டூத் பிரஷ் வெச்சு கழுவிட்டு கொண்டா ப்பா.