ஏற்காடு காபித் தோட்டம்: பத்திரிகைக் குறிப்பின் முதல் வரிக்கு யோசனை வேண்டும்

வணக்கம். ஏற்காட்டில் சிறிய அரபிகா தோட்டம். பழம் பறிப்பது முதல் வறுப்பது வரை இங்கேயே. நவம்பர் அறுவடைக்கு முன் சேலம் நிருபர்களுக்குத் தோட்டக்காரர் பற்றிய அறிமுகக் குறிப்பு அனுப்பி வருகிறோம். பதிலே வரவில்லை.

ஒரு பக்கக் குறிப்பை 80 சொல்லாகச் சுருக்கி, படர்க்கையில் மாற்றியாயிற்று. ‘முன்னணி’, ‘தலைசிறந்த’ எல்லாம் வெட்டியாயிற்று (அதைப் பார்த்து எந்த நிருபரும் போன் எடுக்க மாட்டார்). பழைய எழுத்துருவில் போட்ட பிடிஎஃப்-இலிருந்து நகலெடுத்தால் எழுத்து உடைகிறது. அதனால் இப்போது மின்னஞ்சலிலேயே யூனிகோடில் ஒட்டுகிறோம். படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புகிறோம், சாதாரணமாகப் போட்டால் அச்சுக்கு ஆகாத அளவு சுருங்கிவிடும். மாலையில் பக்கம் முடிக்கும் அவசரம் என்பதால் காலையில்தான் அனுப்புவது.

இடிப்பது முதல் வரிதான்: “20 ஆண்டுகளாகக் காபி பயிரிடும் குடும்பம்.” பிரிட்டிஷ் ஆட்சியில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து, 1820-களிலிருந்தே காபி விளையும் மலையில் 20 ஆண்டு செய்தியா? கைவசம் வேறு இரண்டு உண்டு: பழத்தைத் தோலோடு வெயிலில் உலர்த்தும் முறை, பூ மழை (காபிச் செடி பூக்கத் தேவையான கோடை மழை) தவறியதால் குறைந்த காய்ப்பு.

மாவட்டப் பக்கம் பார்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: இந்த இரண்டில் எதை முதல் வரியாக வைக்கலாம்?